பழைய டெம்பிள் ரன், பழைய சப்வே சர்ஃபர்ஸ்: அந்தக் காலப் பதிப்பை மறுபடியும் ஓட வைப்பது எப்படி?

2013 ஜனவரியில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தன. 21 முதல் 30 வயது வரையிலான, மாதம் 3,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பாதிக்காத இளையோர் 500 ரிங்கிட்டுக்குள் ஒரு 3ஜி கைப்பேசி வாங்கினால் 200 ரிங்கிட் கழிவு என்ற மலேசிய அரசாங்கத் திட்டம் தொடங்கியது. முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் கைப்பேசி ஆட்டமான டெம்பிள் ரன் 2 வெளிவந்தது. அதே வகை ஆட்டமான சப்வே சர்ஃபர்ஸ் நியூயார்க்கில் இறங்கித் தன் உலகச் சுற்றை ஆரம்பித்தது. செந்தூல் அடுக்குமாடிகளிலும் பட்டர்வொர்த் தாமான்களிலும் அப்போது வாங்கிய கைப்பேசிகள் பல இன்னும் குப்பைக்குப் போகவில்லை. எந்தக் கதவுக்கென்று தெரியாத சாவிகள், காலாவதியான டச் அண்ட் கோ அட்டை, முனை பிய்ந்த சார்ஜர் ஆகியவற்றோடு ஏதோ ஓர் இழுப்பறையில் கிடக்கின்றன.

பழைய பதிப்பைத் தேடுகிறவர்கள் நேராக இணையத்துக்குப் போகிறார்கள். அது கடைசியாகப் போக வேண்டிய இடம். முதலில் இழுப்பறையைத் திறங்கள். ஆட்டத்தின் கோப்பு அங்கேயே இருக்கலாம். கோப்பு இல்லாவிட்டாலும் அந்தக் கைப்பேசி வேண்டும், ஏனென்றால் 2012-இல் செய்த ஆட்டம் 2012-இன் கைப்பேசியில்தான் ஒழுங்காக ஓடும். இன்றைய கைப்பேசியில் அதை ஓட வைக்க முடியாது என்றில்லை. ஆனால் எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும் என்பதைக் கீழே படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் மனத்தில் இருப்பது எந்த ஆட்டம்?

‘பழைய டெம்பிள் ரன்’ என்று பொதுவாகச் சொன்னால் தேடல் முடியாது. பின்னால் துரத்தியது ஒரு குரங்குக் கூட்டமா, ஒரே ராட்சதக் குரங்கா? கூட்டம் என்றால் முதல் பாகம். ஒற்றைக் குரங்கு என்றால் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் பாதை அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடிச் செங்கோணத்தில் திரும்பும். வளைந்து நெளியும் பாதை, கயிற்றில் தொங்கிச் செல்வது, சுரங்க வண்டி இவையெல்லாம் இரண்டாம் பாகத்தின் சரக்கு. விழுந்த பிறகு ரத்தினக்கல் கொடுத்து எழுந்து ஓடுவதும் அதில் வந்ததுதான். முதலில் ஒரு கல், அடுத்து 2, பிறகு 4 என்று இரட்டித்துக்கொண்டே போகும். முதல் பாகத்தில் அது கிடையாது. இறக்கை வாங்கி வைத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் கதை முடிந்தது. முதல் பாகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது.

கணவன் மனைவியான கீத் ஷெப்பர்டும் நடாலியா லக்யனோவாவும் நடத்திய இமாங்கி ஸ்டுடியோஸ் முதல் பாகத்தை 2011 ஆகஸ்டில் ஐஃபோனுக்கு வெளியிட்டது. அப்போது விலை 99 அமெரிக்க சென்ட். சீக்கிரமே இலவசமாக்கிவிட்டார்கள். ஆண்ட்ராய்டுக்கு வந்தது 2012 மார்ச்சில். ஆகவே ஆண்ட்ராய்டு கோப்பு என்று யாராவது 2011 தேதி போட்டு எதையாவது நீட்டினால் கையில் வாங்காதீர்கள்.

சப்வே சர்ஃபர்ஸில் நினைவைச் சோதிக்கும் கேள்வி வேறு. மாட்டிக்கொண்டதும் ‘சாவி கொடுத்துத் தொடரலாமா’ என்று கேட்டதா? கேட்கவில்லை என்றால் உங்கள் நினைவில் இருப்பது தொடக்கப் பதிப்பு. ஊர் பெயர் எதுவும் நினைவில் இல்லை, வெறும் தண்டவாளமும் ரயிலும்தான் என்றால் அது 2013-க்கு முந்தியது. கிலூவும் சைபோவும் சேர்ந்து செய்த இந்த டென்மார்க் ஆட்டம் ஐஃபோனுக்கு 2012 மே மாதமும் ஆண்ட்ராய்டுக்கு அதே ஆண்டு செப்டம்பரிலும் வந்தது. உலகச் சுற்று தொடங்கிய பின்னர் சில வாரங்களுக்கு ஒருமுறை ஊர் மாறியது. ஒவ்வோர் ஊரும் ஒரு தனிப் பதிப்பு. மும்பை வேண்டும் என்றால் மும்பை வெளிவந்த வாரத்துக் கோப்பைத்தான் தேட வேண்டும். அதற்கு அடுத்த கோப்பில் ஊர் மாறியிருக்கும். பதிப்பு எண்ணை மனப்பாடம் செய்வதைவிட ஊரின் பெயரையும் மாதத்தையும் குறித்துக்கொள்வது நல்லது.

ஜெட்பேக் ஜாய்ரைடு 2011 செப்டம்பரில் வந்தது. ஒரே விரல் போதும். பழைய கைப்பேசிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை, ஏனென்றால் தொடுதிரையின் பாதி செத்திருந்தாலும் ஆடலாம். இந்த வகைக்கே மூதாதை, ஆடம் சால்ட்ஸ்மன் 2009-இல் செய்த கனபால்ட். சாம்பல் நிறக் கட்டடங்கள், ஓடும் ஓர் ஆள், குதிக்க ஒரு தொடுகை. அவ்வளவுதான்.

இழுப்பறைக் கைப்பேசியை எழுப்புவது

உடனே சார்ஜரில் போடாதீர்கள். பின்மூடி கழலும் மாடல் என்றால் முதலில் பேட்டரியை வெளியே எடுங்கள். 2011-இன் கேலக்ஸி எஸ்2, 2012-இன் எஸ்3, அந்தக் காலத்து மலிவு மாடல்கள் பெரும்பாலும் இப்படித்தான். எடுத்த பேட்டரியைக் கண்ணாடி மேசையில் படுக்க வைத்து விரலால் சுண்டிவிடுங்கள். பம்பரம்போல் சுற்றினால் நடுவில் உப்பியிருக்கிறது. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இது அடிக்கடி நடக்கும். உப்பிய பேட்டரியை அழுத்திப் பார்ப்பதோ குத்திக் காற்றை வெளியேற்றுவதோ வேண்டாம், தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பையிலும் போடாமல் மின்கழிவு சேகரிப்புப் பெட்டியில் சேருங்கள். ஐஃபோன்போல் பேட்டரி உள்ளே மூடியிருக்கும் மாடலில் திரையின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பார்ப்பதே சோதனை.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போது மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். எஸ்2-க்கு 1,650 மில்லி ஆம்பியர் மணி, எஸ்3-க்கு 2,100. அதே அளவில், அதே தடிமனில் 4,000 என்று போட்டிருந்தால் எழுதியவர் பொய் சொல்கிறார். அந்த எண்ணில் பொய் சொன்னவர் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பேட்டரி நன்றாக இருந்தால் 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். பல ஆண்டுகள் காலியாகக் கிடந்த பேட்டரி முதல் சில நிமிடங்களுக்குத் திரையில் எதையும் காட்டாது. அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் பலர்.

இப்போது மிக முக்கியமான படி. கைப்பேசி உயிர்த்ததும் ஏரோபிளேன் மோடை இயக்குங்கள். சிம் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபையை அது இன்னும் ஞாபகம் வைத்திருக்கக்கூடும். இணைப்பு கிடைத்த மறுநிமிடமே ப்ளே ஸ்டோர் சும்மா இராது. நீங்கள் காப்பாற்ற வந்த 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின் மேல் புதியதைப் போட்டுவிட்டால் திரும்பப் போக வழியில்லை. ரூட்டரை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது இன்னும் பத்திரம். சிம் போட்டு இணையம் பிடிக்கவும் முயல வேண்டாம். மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. 4ஜி இல்லாத அந்தக் கழிவு விலைக் கைப்பேசிகளுக்கு மிச்சம் இருப்பது 2ஜி மட்டும்தான்.

இழுப்பறையில் எதுவும் இல்லையென்றால் கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா, பினாங்கில் கொம்தாரும் அதை ஒட்டிய பிராங்கின் மாலும். கடைக்காரர் சாம்சங் எதையாவது காட்டினால் டயலரில் *#0*# என்று அடித்துச் சோதனைத் திரையைத் திறந்து பாருங்கள். தொடுதிரைச் சோதனையில் கட்டங்கள் வரும், விரலால் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். நடுவில் ஒரு கோடு நிரம்ப மறுத்தால் அந்தக் கைப்பேசி வாட்ஸ்அப்புக்கு ஆகும், ஓட்ட ஆட்டத்துக்கு ஆகாது. ஸ்வைப் அங்கே போய் அறுந்துவிடும். சென்சார் சோதனையில் கைப்பேசியை இடமும் வலமும் சாய்த்து எண்கள் உடனே மாறுகின்றனவா என்று பாருங்கள். டெம்பிள் ரன்னில் காசு பொறுக்குவது சாய்ப்பதில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 5.1 அல்லது அதற்குப் பிந்திய மாடல் என்றால் முந்தைய உரிமையாளரின் கூகள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா, ஐஃபோன் என்றால் ஆக்டிவேஷன் லாக் போய்விட்டதா என்று கடையிலேயே நின்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால் கையில் இருப்பது காகிதம் பறக்காமல் வைக்கும் கல்.

ஆட்டத்தை வெளியே எடுப்பது

ஆட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடத் தொடங்குமுன் இரண்டு பொருள்களை வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஒன்று ஏபிகே, அதாவது ஆட்டத்தை ஆண்ட்ராய்டில் நிறுவும் கோப்பு. மற்றொன்று உங்கள் சேமிப்பு. பன்னிரண்டு வயது ஃபிளாஷ் மெமரியை நம்பி எதையும் விட்டுவைக்கக்கூடாது.

சேமிப்பை எடுப்பது எளிது. கைப்பேசியைக் கணினியில் இணைத்து, ஆண்ட்ராய்டு என்ற கோப்புறைக்குள் டேட்டா, அதற்குள் ஆட்டத்தின் பெயர் கொண்ட கோப்புறை என்று போங்கள். டெம்பிள் ரன் முதல் பாகத்துக்கு அது காம்.இமாங்கி.டெம்பிள்ரன். சப்வே சர்ஃபர்ஸுக்கு காம்.கிலூ.சப்வேசர்ஃப். அதனுள் ஃபைல்ஸ் கோப்புறையில்தான் உங்கள் காசும் சாதனையும் இருக்கின்றன. கோப்புறையை முழுதாக நகலெடுங்கள். கணினி கைப்பேசியையே காணவில்லை என்று சொன்னால் பத்தில் எட்டுத் தடவை குற்றம் கேபிளில்தான். பவர் பேங்க்கோடு வந்த மைக்ரோ யூஎஸ்பி கேபிள்கள் பலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது.

ஏபிகே எடுக்கச் சற்று மெனக்கெட வேண்டும்.

1. ஆண்ட்ராய்டு 4.2 முதல், ‘அபவுட் ஃபோன்’ பக்கத்தில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். 4.0, 4.1-இல் அது செட்டிங்ஸிலேயே தெரியும். 2.3-இல் அப்ளிகேஷன்ஸ், பிறகு டெவலப்மென்ட். அங்கே யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள்.

2. கணினியில் கூகள் இலவசமாகத் தரும் ப்ளாட்ஃபார்ம் டூல்ஸைப் போடுங்கள். கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி அதற்குள் இருக்கிறது. 4.2.2 அல்லது அதற்குப் பிந்திய கைப்பேசி என்றால் திரையில் அனுமதி கேட்கும். திரை பூட்டியிருந்தால் அந்தக் கேள்வி கண்ணில் படாது, திறந்து வையுங்கள்.

3. ஏடிபி ஷெல்லில் பிஎம் பாத் கட்டளையோடு மேற்சொன்ன கோப்புறைப் பெயரைக் கொடுத்தால் ஏபிகே இருக்கும் முகவரி வரும். அந்த முகவரியை ஏடிபி புல் கட்டளைக்குக் கொடுத்தால் கோப்பு கணினிக்கு வந்துவிடும். முகவரியில் ஏசெக் என்ற சொல் இருந்தால் ஆட்டம் எஸ்டி கார்டுக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது. அதைத் திரும்பக் கைப்பேசி நினைவகத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

4. ஆண்ட்ராய்டு கோப்புறையில் ஓபிபி என்று இன்னொன்று இருந்து, அதில் ஆட்டத்தின் பெயரும் இருந்தால் அதையும் எடுங்கள். ஏபிகேக்குள் அடங்காத ஆட்டத் தரவு அதில் இருக்கும். அது இல்லாமல் போட்டால் ஆட்டம் கறுப்புத் திரையோடு நின்றுவிடும்.

எடுத்தவற்றை இரண்டு இடத்தில் வையுங்கள். கோப்பின் பெயரில் ஆட்டம், பதிப்பு எண், எடுத்த கைப்பேசி மூன்றையும் எழுதுங்கள். ‘கேம்_ஃபைனல்_2’ என்று பெயர் வைத்தால் ஒரு வருடத்தில் உங்களுக்கே எது எதுவென்று தெரியாது.

வெளியிலிருந்து கோப்பு எடுக்கிறீர்கள் என்றால்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். மலேசியாவில் ஏபிகே என்ற சொல்லுக்கே கெட்ட பெயர். வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, வீடு சுத்தம் செய்யும் சேவை என்ற வேடத்தில் ஏபிகே அனுப்பி, குறுஞ்செய்தியைப் படித்து, வங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடி இங்கு எத்தனையோ பேரைச் சுட்டிருக்கிறது. எனவே முதல் விதி: வங்கிச் செயலியும் இ-வாலட்டும் இருக்கும் கைப்பேசியில் எந்தப் பழைய ஆட்டத்தையும் வெளியிலிருந்து போடாதீர்கள். தவறிப்போய்ப் போட்டு, பணமும் போனால், உடனே 997. அது தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண். பணம் கைமாறிக்கொண்டே போகும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

கோப்பு உண்மையானதா என்று பார்க்க நான்கு சோதனைகள் உண்டு.

முதலாவது அளவு. 2015 செப்டம்பர் வரை ப்ளே ஸ்டோர் 50 மெகாபைட்டுக்கு மேல் ஏபிகே ஏற்றதில்லை. அதைத் தாண்டியது எல்லாம் ஓபிபியில்தான் போக வேண்டும். ‘டெம்பிள் ரன் 2012 அசல்’ என்று ஒரு கோப்பு ஒற்றை ஏபிகேயாக 90 மெகாபைட் இருந்தால், உள்ளே யாரோ எதையோ திணித்திருக்கிறார்கள். பல துண்டுகளாகப் பிரித்த கோப்புக் கட்டும் 2012-க்குப் பொருந்தாது. அந்த முறையே பின்னால் வந்தது.

இரண்டாவது கையொப்பம். ஒவ்வொரு ஏபிகேவிலும் அதை வெளியிட்டவரின் சான்றிதழ் முத்திரை இருக்கும். அதே ஆட்டத்தின் இன்றைய பதிப்பை ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்கி, இரண்டின் முத்திரையையும் ஒப்பிடுங்கள். ஆண்ட்ராய்டு பில்ட் டூல்ஸில் இருக்கும் ஏபிகேசைனர் இந்த வேலையைச் செய்யும். ஒத்துப்போனால் அசல், சந்தேகமே இல்லை. ஒத்துப்போகாவிட்டால் எப்போதும் போலி என்று சொல்லிவிட முடியாது, நிறுவனங்கள் இடையில் முத்திரையை மாற்றியிருக்கலாம். அப்போது அதே காலத்து இன்னொரு பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏபிகேமிரர் தளம் தானே முத்திரையைச் சரிபார்த்த பிறகே கோப்பை ஏற்றும் என்பதால் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

மூன்றாவது, கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளம். கோப்பை ஏற்றினால் வைரஸ் இருக்கிறதா என்பதோடு, அந்தக் கோப்பு முதன்முதலில் எப்போது அங்கு வந்தது என்றும் காட்டும். 2013-ஆம் ஆண்டின் பிரபல ஆட்டம் என்று சொல்லப்படும் கோப்பு போன மாதம்தான் முதன்முதலாக உலகத்தின் கண்ணில் பட்டிருக்கிறது என்றால் யோசியுங்கள்.

நான்காவது அனுமதிகள். இணையம், வாங்குதல், சேமிப்பகம், அந்தக் காலத்தில் சகஜமாக இருந்த ஃபோன் ஸ்டேட் இவை பரவாயில்லை. ஓடுகிற ஆட்டத்துக்குக் குறுஞ்செய்தி எதற்கு? தொடர்பு எண்கள் எதற்கு? திரையைப் படிக்கவும் இயக்கவும் விடும் ஆக்சசிபிலிட்டி அனுமதியைக் கேட்டால் அங்கேயே நிறுத்திக் கோப்பை அழியுங்கள்.

‘எல்லையில்லாக் காசு’ என்று விற்கும் மாற்றிய பதிப்புகளை எடுத்துப் பேசவே தேவையில்லை. அவை எல்லாம் வேறு முத்திரை போட்டவை. காசு எண்ணி எண்ணிச் சேர்ப்பதுதான் அந்த ஆட்டத்தின் ருசியே என்பது வேறு விஷயம்.

போடும்போது வரும் தகராறுகள்

ஆண்ட்ராய்டு 7 வரை செட்டிங்ஸில் செக்யூரிட்டி, அதில் ‘அன்னோன் சோர்சஸ்’ ஒன்றை இயக்கினால் போதும். 8 முதல் எந்தச் செயலி வழியாகக் கோப்பைத் திறக்கிறீர்களோ அதற்குத் தனியாக அனுமதி தர வேண்டும். போட்டு முடித்ததும் அந்த அனுமதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

‘பார்ஸ் எரர்’ வந்தால் இரண்டில் ஒன்று: கோப்பு பாதியில் அறுந்து இறங்கியிருக்கிறது, அல்லது உங்கள் ஆண்ட்ராய்டு அந்தப் பதிப்புக்குப் போதாது. ‘ஆப் நாட் இன்ஸ்டால்ட்’ வந்தால் பெரும்பாலும் புதிய பதிப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு பழையதைப் புதியதன் மேல் ஏற்றாது, முதலில் நீக்க வேண்டும். நீக்கினால் சேமிப்பும் போகும், ஆகவே மேலே சொன்ன ஃபைல்ஸ் கோப்புறை நகல் உங்களிடம் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: புதிய பதிப்பின் சேமிப்பைப் பழைய பதிப்பு படிக்காது. எதிர்த்திசையில் பெரும்பாலும் வேலை செய்யும்.

இடமில்லை என்று சொன்னால் கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய ஆண்ட்ராய்டு ஏபிகேயை அப்படியே வைத்துக்கொண்டு அதிலிருந்து இன்னொரு நகலை விரிக்கும். 30 மெகாபைட் கோப்புக்கு 90 மெகாபைட்டாவது காலியாக இருக்கட்டும்.

இன்றைய கைப்பேசியில் ஏன் மல்லுக்கட்டு?

ஆண்ட்ராய்டு 14, பதிப்பு 6-க்கு முந்திய ஆண்ட்ராய்டைக் குறிவைத்துச் செய்த செயலிகளைப் போடவே விடாது. காரணம் நியாயமானது: 6-இல்தான் அனுமதிகளை ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. அதைத் தவிர்க்கவென்றே பழைய குறியை வைத்துக்கொண்டு வந்த தீயசெயலிகள் நிறைய. 2012, 2013-இன் எல்லா ஆட்டங்களும் இந்த வலையில் மாட்டும். கணினியிலிருந்து ஏடிபி இன்ஸ்டால் கட்டளையில் இரண்டு கோடு போட்டு ‘பைபாஸ்-லோ-டார்கெட்-எஸ்டிகே-பிளாக்’ என்பதைச் சேர்த்தால் உள்ளே விடும்.

அதைத் தாண்டினாலும் அடுத்த சுவர் இருக்கிறது. யூனிட்டி என்ற மென்பொருளில் செய்த அந்தக் காலத்து ஆட்டங்கள் பழைய 32-பிட் முறையில் இருப்பவை. பிக்சல் 7 தொடங்கி 64-பிட் செயலிகளை மட்டுமே ஏற்கும் கைப்பேசிகள் வந்துவிட்டன. அவற்றில் எந்தக் கட்டளையும் உதவாது. தடை தாண்டி ஓடினாலும் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், ஏனென்றால் பழைய செயலிகளை 1.86-க்கு 1 என்ற விகிதத்துக்கு மேல் ஆண்ட்ராய்டு நீட்டாது. ஜெஸ்சர் வழிச்செலுத்தல் வைத்திருந்தால், குதிக்க மேல்நோக்கி இழுத்த விரல் உங்களை ஹோம் திரைக்குத் தள்ளிவிடும். மூன்று பொத்தான் முறைக்கு மாற்றுங்கள். திரைப் புதுப்பிப்பை 60 ஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள்.

கணினிக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் எமுலேட்டர் வைத்து ஆடலாம். சப்வே சர்ஃபர்ஸ் அம்புக்குறி விசைகளில் நன்றாகவே ஓடும். ஆனால் டெம்பிள் ரன்னில் மடிக்கணினியைச் சாய்த்துக்கொண்டா ஆடுவது?

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு

2017-இல் வந்த ஐஃபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 11, 32-பிட் செயலிகளை அடியோடு வெட்டியது. ஆகவே ஐஃபோன் 5, 5சி, அதற்கு முந்தியவைதான் உங்கள் களம். ஐஃபோன் 5-ஐ ஐஓஎஸ் 10.3.4-க்கு உயர்த்தாவிட்டால் 2019 நவம்பருக்குப் பிறகு ஆப் ஸ்டோரும் இணையமும் தேதிக் கோளாறால் வேலை செய்யாது. கணினி வழியாக அதை உயர்த்த வேண்டும்.

ஆப் ஸ்டோரில் ‘பர்ச்சேஸ்டு’ பட்டியலுக்குப் போய் ஆட்டத்தைத் தட்டினால், உங்கள் ஐஓஎஸுக்கு ஏற்ற கடைசிப் பதிப்பைத் தரட்டுமா என்று கேட்கும். பட்டியலில் இல்லையென்றால் அதே ஆப்பிள் கணக்கில் ஒரு புதிய ஐஃபோனில் ஆட்டத்தை ஒருமுறை இறக்குங்கள், பழையதில் தோன்றும். ஐஓஎஸ் 8 அல்லது அதற்கு முந்தியதில் இரு படிச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்க இடமே இருக்காது. கடவுச்சொல்லை அடித்து, அதை ஒட்டியே ஆறு இலக்க எண்ணையும் அடிக்க வேண்டும். இதைத் தெரியாமல் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிக் கணக்கையே பூட்டிக்கொள்பவர்கள் உண்டு.

ஆனால் கடைசிப் பதிப்பு என்பது 2012-இன் பதிப்பு அல்ல. அது வேண்டுமானால் பழைய மடிக்கணினியைத் தேடுங்கள். ஐடியூன்ஸ் மீடியா கோப்புறைக்குள் ‘மொபைல் அப்ளிகேஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அந்தக் காலத்தில் கேபிள் மாட்டி ஒத்திசைத்த ஒவ்வொரு செயலியும் ஐபிஏ கோப்பாக (ஐஃபோனுக்கான நிறுவல் கோப்பு) அங்கே கிடக்கும். ஐடியூன்ஸ் 12.7 செயலிகளைக் கையாள்வதையே நிறுத்திவிட்டது. ஆகவே 12.6 வரிசையை வைத்துக்கொண்டு, வாங்கிய அதே ஆப்பிள் கணக்கோடு போட வேண்டும். இன்னொருவர் கணக்கின் ஐபிஏ உங்களிடம் ஓடாது.

ஓடத் தொடங்கிய பிறகு

ஏரோபிளேன் மோடிலேயே ஆடுங்கள். பழைய பதிப்புக்குள் இருக்கும் விளம்பரமும் ஃபேஸ்புக் நுழைவும் பேச நினைக்கும் சர்வர்கள் பல மாறிவிட்டன, சில இல்லவே இல்லை. இணைப்பு இருந்தால் பதிலுக்குக் காத்திருந்து ஆட்டம் உறையும். இணைப்பே இல்லையென்றால் சட்டென்று விட்டுவிட்டு ஓடும். நண்பர்களின் மதிப்பெண் பலகை மட்டும் திரும்பி வராது.

பேட்டரி முழுதாக இறங்கிய கைப்பேசி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும், தேதியைக் கையால் வையுங்கள். சப்வே சர்ஃபர்ஸில் இதில் ஒரு விளையாட்டும் உண்டு. தினச்சொல் தேடலும் வாராந்திர வேட்டையும் பல பழைய பதிப்புகளில் கைப்பேசியின் கடிகாரத்தைத்தான் பார்க்கின்றன. அந்த ஊர் வெளிவந்த மாதத்துக்குத் தேதியைப் பின்னால் தள்ளினால், முடிந்துபோன வேட்டை மறுபடி திறந்துகொள்ளும். ஆடும்போது தேதியை முன்னும் பின்னுமாகத் தாவ விட வேண்டாம், ஒரே திசையில் நாளாக நாளாக நகர்த்துங்கள்.

டெம்பிள் ரன்னில் ஆள் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடினால் குற்றம் ஆட்டத்தில் இல்லை, சாய்வு சென்சாரில். ஆண்ட்ராய்டு 2.3 காலத்துச் சாம்சங்குகளில் டிஸ்ப்ளே அமைப்பில் ‘ஹரிசான்டல் கேலிப்ரேஷன்’ இருக்கும். கைப்பேசியைச் சமதளத்தில் வைத்து அதை அழுத்துங்கள். மேசை சமமாக இருக்கட்டும், மாமாக் கடை மேசையில் வைத்துச் செய்தால் கோணலைத்தான் கற்றுக்கொள்ளும். காசுகளில் மஞ்சளுக்கு 1, சிவப்புக்கு 2, நீலத்துக்கு 3. பாதையின் ஓரத்தில் நீலம் தெரிந்தால் சாய்ப்பது வீண்போகாது.

சப்வே சர்ஃபர்ஸில் இரட்டைத் தட்டலுக்கு ஹோவர்போர்டு என்ற பறக்கும் பலகை வரும், 30 வினாடி. பழைய திரைகளில் இரண்டாவது தட்டல் சில சமயம் பதியாது. திரைக்காப்பு ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், பத்து வருட ஒட்டு தடித்து மங்கியிருக்கும். பினாங்கு புழுக்கத்தில் விரல் ஈரமாகி ஸ்வைப் வழுக்கினால் கொஞ்சம் முகப்பவுடர் போதும். அந்தக் காலத்துப் பள்ளிப் பேருந்துகளில் செய்ததுதான். எஸ்3 போன்றவற்றில் ஹோம் பொத்தானின் இரண்டு பக்கமும் இருக்கும் தொடுவிசைகளைக் கவனியுங்கள். உருள்வதற்குக் கீழ்நோக்கி இழுக்கும் விரல் அங்கே போய்ப் பட்டால், சாதனை ஓட்டத்தின் நடுவே ஆட்டம் நின்று மெனு வந்து நிற்கும். ஸ்வைப்பைத் திரையின் நடுவில் தொடங்கி, ஒரு கட்டைவிரல் நீளத்துக்குள் முடிக்கப் பழகுங்கள்.

ஆடி முடித்துத் திரும்ப இழுப்பறைக்கு அனுப்பும்போது பேட்டரி பாதி அளவில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரி கழலும் மாடல் என்றால் அதைத் தனியே எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.